நான் பூசிய நாலு சக்கரம்

பத்து வருடம் இருக்கும். கார்த்திகை மாதம். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில், சானமாவுக் காட்டில் நடந்தது. எனக்கு அதிகம் எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சொந்த ஊர் பேரிகைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் பவுடர் கோட்டிங் பிரிவில் சேர்ந்தேன். பெயிண்ட் அங்கே தண்ணியாக இருக்காது, மாவு மாதிரி இருக்கும். அதை இரும்புச் சாமான் மேல் தூவி, பெரிய அடுப்புக்குள் விட்டு எடுத்தால் உருகிப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் தட்டினாலும் சுலபத்தில் போகாது. அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். அதனால் கொஞ்சம் திமிரும் இருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் கார் வாங்கியது நான்தான். நாலு கை மாறி வந்த சின்ன வெள்ளைக் கார். ஏ.சி. ஓடாது. பின் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும். நாங்கள் இருந்தது ஒற்றை அறை லைன் வீடு. சாயங்காலம் உள்ளே வெக்கை தாங்காது. என் மனைவி வாசலில் நிற்கும் காரில் போய் உட்கார்ந்து நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு பூண்டு உரிப்பாள். வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்தே தெரியும். எங்கேயோ ஊருக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். இப்போது வீடு பெரிசு, கார் வேறு. ஆனாலும் அந்தக் காட்சிதான் கண்ணில் நிற்கிறது.

முன்னால் வைத்திருந்தவர் அந்தக் காருக்கு அலாய் சக்கரம் போட்டிருந்தார். பார்க்க ஜோர். சர்வீஸ் ரோட்டுப் பள்ளத்தில் ஒரு தடவை விட்டேன், ஒன்று விரிசல் விட்டது. சரி, நாலையும் மாற்றி இரும்பே போட்டுவிடலாம் என்று பழைய பார்ட்ஸ் கடைக்குப் போனேன். டயருக்கு உள்ளே இருக்கும் சக்கரத்தை நாங்கள் டிஸ்க் என்போம். கடையை நடத்தியது ஒரு அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கல்லாவில் மட்டும் உட்காரும் ஆள் இல்லை, கையெல்லாம் கிரீஸ்.

நான் ஒரு டிஸ்க்கை எடுத்து, நாலு ஓட்டை சரியாக இருக்கிறது என்றேன். அக்கா சிரித்தார்.

"நாலு ஓட்டை எல்லாத்துலயும்தான் இருக்கும் தம்பி. ஓட்டைக்கு ஓட்டை தூரம் ஒண்ணா இருக்கணும். அப்புறம் நடு ஓட்டை. அது அச்சுல கச்சிதமா உக்காரணும். லூசா இருந்தா வண்டி பாரம் பூரா நட்டு மேல வரும்."

அவரே காரைத் தூக்க வைத்து ஒன்றை மாட்டிப் பார்த்தார். கையால் சுற்றினார். பிரேக்கில் உரசியது. வேண்டாம் என்று எடுத்துப் போட்டார். இரண்டாவது செட், நடு ஓட்டை பெரிசு. அதுவும் வேண்டாம். மூன்றாவது செட் உட்கார்ந்தது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முழுக்க ஒடித்து, எங்கேயும் இடிக்கவில்லை என்று பார்த்தபிறகுதான் தலையை ஆட்டினார்.

"அலாய் நட்டு வேற, இரும்பு நட்டு வேற. பதினாறும் மாத்திக்க. போட்டு அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடியும் ஒருக்கா முறுக்கு."

"சரிக்கா."

"துரு இருக்குது பாரு. பெயிண்ட் அடிக்கறதுன்னா மூஞ்சிக்கு மட்டும் அடி. பின்னால வேணாம்."

இதற்கும் சரி என்றேன். மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பெயிண்டைப் பற்றி எனக்கே சொல்கிறாரே என்று.

கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கேட்டு, ஷிப்ட் முடியும்போது கடைசி வரிசையில் என் நாலு டிஸ்க்கையும் தொங்கவிட்டேன். மனைவிக்கு ஏழாவது மாதம். அடுத்த வாரம் வளைகாப்பு. அது முடிந்ததும் இதே காரில்தான் அவளை ராயக்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவள் ஏறும் காரில் ஒரு புள்ளி துரு தெரியக் கூடாது என்று நினைத்தேன். ஒரு கோட் போதாது என்று இரண்டு கோட் அடித்தேன். முன், பின், ஓட்டை, ஓட்டைக்குள் என்று ஒரு இடம் விடவில்லை. அடுப்பிலிருந்து வந்தபோது கறுப்பு நாவல் பழம் மாதிரி இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் தடவிப் பார்த்தார்கள்.

அவள் பார்த்துவிட்டு, "என்னங்க, சக்கரத்துல மொகம் தெரியுது" என்றாள். அது போதும் எனக்கு.

பஞ்சர் கடையில் மாட்டினேன். வேலைக்குப் போனது, வளைகாப்புக்குச் சாமான் வாங்கியது, மாமியாரைக் கூட்டி வந்தது எல்லாம் அந்தச் சக்கரத்தில்தான். அக்கா சொன்ன ஐம்பது கிலோமீட்டர் எப்போதோ தாண்டியிருந்தது. நட்டைத் திரும்ப முறுக்க எனக்கு ஞாபகம் இல்லை.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் மனைவி, இரண்டு கை நிறைய வளையல். பக்கத்தில் மாமியார். டிக்கியில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று மூடி போட்ட பாத்திரங்களில், போசி போசியாக. ராயக்கோட்டையில் தெருவுக்கே கொடுப்பதற்கு.

ஊரைத் தாண்டியதும் பின்னால் டக், டக் என்று சத்தம் வந்தது.

"என்ன சத்தம்?" என்றேன்.

"போசி மூடி மாப்ள. சரியா உக்காரல. நீங்க ரோட்டப் பாருங்க" என்றார் மாமியார்.

சரி, போசி என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு மினி வேன். தக்காளி ஏற்றும் காலி பிளாஸ்டிக் கிரேட் அடுக்கியிருந்தது. ஹாரன் அடிக்கிறான், லைட் அடிக்கிறான். முந்த வருகிறான், எதிரில் வண்டி வந்ததும் பின்வாங்குகிறான். மறுபடியும் லைட்.

"வழி விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

விடவில்லை. காலி வேனை வைத்துக்கொண்டு என்னை விரட்டுகிறானா என்று தோன்றியது. மிதித்தேன். அவனும் விடாமல் வந்தான். கண்ணாடியில் பார்த்தால் கையை வெளியே நீட்டி ஏதோ கத்துகிறான். நான் இன்னும் மிதித்தேன். 

சானமாவு வந்தது. ரோட்டுக்குக் குறுக்கே வனத்துறை ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். முன்னால் ஏழெட்டு வண்டி நின்றிருந்தது. யானை ரோட்டைத் தாண்டப் போகிறதாம். அறுப்புக்கு நிற்கும் கேழ்வரகுக் கொல்லைக்காக வந்தது. இன்ஜினை நிறுத்து, ஹாரன் கூடாது, சத்தம் கூடாது என்று சைகை காட்டினார்கள். பிரேக் பிடித்தேன். பின்பக்கம் கடக் என்று ஒரு ஆட்டம் ஆடி நின்றது. அது போசி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வேன்காரர் வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. ஆனால் யானைக்குப் பயந்து கத்த முடியவில்லை. ரகசியம் பேசுவது போலத் திட்டினார்.

"ஏன்ப்பா, உனக்குக் கண்ணு இல்லியா, காது இல்லியா? ஊரு தாண்டினதுலருந்து லைட்டு அடிக்கிறன். பின் சக்கரம் குடிகாரன் மாதிரி ஆடுது."

"சக்கரம் புதுசு" என்றேன்.

"புதுசா? எறங்கி வந்து பாரு உன் புதுச."

பார்த்தேன். இடது பின் சக்கரத்தில் நாலு நட்டில் இரண்டு இல்லை. மூன்றாவதை அவர் இரண்டு விரலால் சுற்றினார். பம்பரம் மாதிரி சுற்றியது. நாலாவது கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள யாரு?"

"பொண்டாட்டி. ஏழு மாசம்."

அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொதல்ல அவங்கள எறக்கு" என்றார். தன் வேனிலிருந்து ஒரு கிரேட்டைக் கொண்டுவந்து ஓரமாகக் கவிழ்த்து, தோள் துண்டை மடித்து மேலே போட்டார். மனைவி அதில் உட்கார்ந்தாள். மாமியார் என்னைத் திட்ட வாயைத் திறந்தார். வனத்துறை ஆள் உதட்டில் விரலை வைத்தார். மாமியார் வாயை மூடிக்கொண்டு கையாலேயே திட்டினார்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். பின்பக்கம் திருப்பினேன். நான் அடித்த இரண்டு கோட்டும், அச்சில் உட்காரும் இடத்தில் காய்ந்த பாலாடை போலச் சுருண்டு கிடந்தது. நட்டு உட்காரும் ஓட்டையைச் சுற்றியும் அப்படித்தான்.

வேன்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இரும்பும் இரும்பும் கடிச்சாதான்ப்பா நட்டு நிக்கும். நடுவுல மெத்த போட்ட மாதிரி இவ்ளோ தடியா இருந்தா? ஓட ஓட மெத்த நசுங்கும், நட்டு லூசாவும். எவன்ப்பா இந்த வேலை செஞ்சது?"

"நான்தான்."

"நீ என்ன வேலை பண்ற?"

"பவுடர் கோட்டிங்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தேன். தினமும் வேலையில் அந்தக் கைதான் ஓட்டைக்கெல்லாம் ரப்பர் கார்க் வைக்கும். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் டேப் ஒட்டும். அதற்கு மாஸ்கிங் என்று பெயர். அந்த இடத்தில் பெயிண்ட் படக் கூடாது என்று சொன்னார்கள், செய்தேன். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கார்க் வைத்தேன். ஏன் படக் கூடாது என்று ஆறு வருடத்தில் ஒரு நாள் கேட்டதில்லை. சொந்தக் காருக்கு என்றதும், பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று கார்க்கே வைக்காமல் விட்டேன்.

வேன்காரரிடம் கயிறு அறுக்கும் கத்தி இருந்தது. என்னிடம் ஸ்க்ரூ டிரைவர். ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுரண்டினோம். நான் ஆத்திரத்தில் ஒரு கல்லை எடுத்துத் தட்டினேன்.

"யாருய்யா அங்க? தட்டாதீங்க" என்று வனத்துறை ஆள் ஓடி வந்தார். அதற்குப் பிறகு தட்டவில்லை. நாலு சக்கரத்தையும் ஒன்று ஒன்றாகக் கழற்றி, சத்தமில்லாமல் சுரண்டினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விரல் நுனி எல்லாம் கிழிந்தது. கழன்று விழுந்த இரண்டு நட்டுக்குப் பதிலாக மற்ற இரண்டு சக்கரத்திலிருந்து ஒன்று ஒன்று எடுத்துப் போட்டோம்.

அதற்குள் மாமியாருக்கு மனது இளகிவிட்டது. டிக்கியைத் திறந்து, வாழை இலையைக் கிழித்து, நின்ற வண்டிக்காரர்களுக்கெல்லாம் புளிசாதம் கொடுத்தார். வனத்துறை ஆளுக்கும் கொடுத்தார். எனக்குக் கடைசியில் கொடுத்தார்.

யானை தாண்டியது. மனைவி என் பக்கம் திரும்பி, "குட்டி ஒண்ணு இருக்குதுங்க" என்று மெல்லச் சொன்னாள். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. நான் நிமிரவில்லை. குட்டியை நான் பார்க்கவே இல்லை. கடைசி ஓட்டையில் கறுப்பு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

"காட்டத் தாண்டினா எறக்கம் இருக்குது. அங்க போயி கழண்டிருந்தா..." என்று ஆரம்பித்த வேன்காரர், கிரேட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. "முப்பதுலயே போ. பின்னாலயே வர்றன்" என்றார்.

வந்தார். ராயக்கோட்டை வரை பின்னாலேயே வந்தார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, எல்லா நட்டையும் தானே மறுபடி முறுக்கினார். ஊருக்குள் வந்ததும் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு மார்க்கெட் பக்கம் திரும்பிவிட்டார். பெயர் கேட்கவில்லை. கிரேட்டிலிருந்து எழுந்தபோது எடுத்த அவர் துண்டு மனைவி மடியிலேயே இருந்துவிட்டது.

இரண்டு நட்டு வாங்கப் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். எதுவும் மறைக்காமல் சொன்னேன். அக்கா, "மூஞ்சிக்கு மட்டும்னு சொன்னனா இல்லியா?" என்றார். சொன்னீர்கள் என்றேன்.

வேலையில் கார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம், "இது எதுக்கு சார்?" என்று கேட்டேன். "டிராயிங்ல அப்படித்தான் இருக்கு" என்றார். அவருக்கும் தெரியவில்லை. நான் சொன்னேன்.

தை மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. துண்டைத் துவைத்து, ஸ்வீட் பாக்கெட்டோடு ராயக்கோட்டைத் தக்காளி மார்க்கெட்டுக்கு மூன்று தடவை போனேன். அங்கே எல்லா வேனும் ஒரே மாதிரி இருந்தது. அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. துண்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

அந்தக் காரை விற்றுவிட்டேன். ஒரு டிஸ்க்கை மட்டும், பதிலுக்கு வேறொன்று மாட்டிவிட்டு, நான் வைத்துக்கொண்டேன். மாடியில் துணிக்கம்பிக் கம்பத்துக்கு அடியில் கிடக்கிறது. முன்பக்கம் இன்றைக்கும் முகம் தெரியும். பின்னால் நாங்கள் சுரண்டிய வட்டம் மட்டும் துருப்பிடித்திருக்கிறது. அங்கே நான் மறுபடி பூசவில்லை.

இப்போது கார் ஓட்டும்போது பின்னால் யாராவது விடாமல் லைட் அடித்தால், ஓரம் கட்டி இறங்கி நாலு சக்கரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறேன். "இவருக்கு வேற வேலை இல்ல" என்று மனைவி சிரிப்பாள். பெரும்பாலும் அவன் அவசரத்தில் முந்திப் போகத்தான் அடித்திருப்பான், போய்க்கொண்டே இருப்பான். இருக்கட்டும். என்னை விடாமல் துரத்தி வந்த ஒருவர் இருந்ததால்தான் பின்சீட்டில் இன்று மனைவியும் மகளுமாக இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஞாபகம் வருகிறது.