நான் அடைத்த பின்வாசல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்த பங்குனி மாதம். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் சொந்த வீட்டில் நடந்தது இது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையில் என்னை நல்லவள் என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மாடி கட்டி நாங்கள் மேலே குடிபோனதும், கீழ் வீட்டை வாடகைக்கு விட முடிவு செய்தோம். சமையலறைக்குப் பின்னால், கொல்லைக்குப் போகிற கதவை ஒட்டிக் கொஞ்சம் இடம் இருந்தது. அந்தக் கதவைப் பெயர்த்து எடுத்துவிட்டு, செங்கல் வைத்து அடைத்து, அங்கே ஒரு பாத்ரூம் கட்டச் சொன்னேன். வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் இருந்தால்தான் நல்ல குடும்பம் வரும் என்று ஊருக்குச் சொன்னது வெறும் சாக்கு. வாடகைக்கு வருகிறவர்கள் என் கொல்லைப் பக்கம் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். மோட்டார் அங்கே இருக்கிறது, துணி காயப்போடுவது அங்கே, முருங்கை மரம் அங்கே. நாலு முருங்கைக்காய்க்காக ஒரு வாசலை அடைத்தேன் என்று எழுதும்போது எனக்கே கூசுகிறது.

வேலை செய்த மேஸ்திரி அன்றைக்கே சொன்னார். "இன்னாக்கா இது, வர்றதுக்கும் போறதுக்கும் ஒரே வழி வெச்சுகினு? நாளிக்கு ஒண்ணுன்னா பேஜாராப் பூடும்."

என் வாய் சும்மா இருக்குமா? "வீடு யாருதுண்ணா? சொன்ன வேலையைப் பாருங்க" என்றேன். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஜன்னல்களுக்கும் கனமான கம்பியில் கிரில் செய்து, திறக்கவே முடியாதபடி வெல்டிங் அடித்தாயிற்று. ஒரு பூனைகூட நுழைய முடியாது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடித்தேன். உள்ளே இருப்பவர்கள் வெளியே வரவும் முடியாது என்பது என் மண்டைக்கு ஏறவில்லை.

குடிவந்தது ஒரு முஸ்லிம் குடும்பம். அவர் பம்மலில் தோல் பை செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். மனைவி, பத்தாவது படிக்கும் ஒரே மகள். சாயங்காலம் அவர் மனைவி தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பாள். கணீரென்ற குரல். அவள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது எனக்கு மாடியில் கேட்கும்.

வந்த ஒரு மாதத்திலேயே, தயங்கித் தயங்கி மாடிக்கு ஏறி வந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. பெட்ரூம் ஜன்னல் கிரில்ல திறக்கிற மாதிரி ஒரு சின்னக் கதவு வெச்சுக்கட்டுமா? பூட்டுப் போட்டு, சாவிய உள்ளயே ஜன்னல்கிட்ட மாட்டிக்கறோம். பட்டறையில பசை, தின்னர்னு எல்லாம் பத்திக்கிற சாமான். அதனால எம்பொண்ணோட அத்தா எங்க போனாலும் ரெண்டாவது வழி எங்க இருக்குன்னுதான் மொதல்ல பாப்பாங்க. செலவ நாங்களே பாத்துக்கறோம்."

"கிரில்ல கதவு வெச்சா திருடனை வெத்தலபாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி ஆயிடும்மா. அது பட்டறை, இது வீடு" என்றேன். அவள் லேசாகச் சிரித்து, "சரிக்கா" என்று இறங்கிப் போய்விட்டாள்.

அந்த வருடம்தான் நான் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே, அவர்கள் வாசல் கதவை ஒட்டினாற்போல் நிறுத்தி, மேலிருந்து ஒயர் இழுத்துவந்து சார்ஜ் போடுவேன். பக்கத்திலேயே எங்கள் செருப்பு ஸ்டாண்ட், எடைக்குப் போட எடுத்துவைத்த பழைய பேப்பர் கட்டு. எல்லாம் என் சாமான்தான். அன்றைக்கும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வண்டிக்குச் சார்ஜ் போட்டேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நான் ஷேர் ஆட்டோ பிடித்து ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் காய்கறி வாங்கப் போனேன்.

திரும்பி வந்து தெருமுனையில் இறங்கும்போதே கரும்புகை தெரிந்தது. யார் வீடோ என்றுதான் நினைத்தேன். நாலு எட்டு நடந்த பிறகுதான் அது என் வீடு என்று புரிந்தது. வண்டி எரிந்து, செருப்பு ஸ்டாண்ட் எரிந்து, அவர்கள் வாசல் கதவும் பற்றிக்கொண்டிருந்தது. ஆளாளுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பக்கத்தில் போக முடியாத அனல். "அம்மாவும் பொண்ணும் உள்ளதான் இருக்காங்க!" என்று எதிர்வீட்டுக்காரி அலறினாள். மறுநாள் கணக்குப் பரீட்சைக்கு அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

காய்கறிப் பையைப் போட்டுவிட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடினேன். பாத்ரூம் வென்டிலேட்டரில் இருந்த கண்ணாடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தப் பெண் கம்பியில் முகத்தை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு உயரம் அவளுக்கு எட்டாது. கீழே அவள் அம்மா மகளின் காலைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பார்த்து, எங்குமே வழி கிடைக்காமல் கடைசியில் அங்கே வந்து அடைந்திருக்கிறார்கள். நான் கதவை அடைத்த அதே இடத்துக்கு.

அடுத்த மனையில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து நாலு பேர் கடப்பாரை, சம்மட்டியோடு சுவர் ஏறிக் குதித்தார்கள். "எங்கக்கா இடிக்கிறது? பில்லர் எங்க கீது?" என்று ஒருவர் கத்தினார். யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் தெரியும். சுவரில் கையால் அடித்துக் காட்டினேன்.

"இங்க இடிங்க! இங்கதான் கதவு இருந்துச்சு. நாலரை இஞ்ச் சுவர்தான், இடிங்க!"

கல் விழ விழ நானும் கையால் இழுத்துப் போட்டேன். நகமெல்லாம் பெயர்ந்து ரத்தம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கதவு இருந்திருந்தால் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு ரெண்டு எட்டில் வெளியே வந்திருப்பார்கள். முதலில் பெண் வந்தாள். அம்மாவை நினைவில்லாமல் இழுத்துத்தான் எடுத்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தை அணைத்தது. மறுநாள் அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்து, வீட்டுப் பிளானை வாங்கிப் பார்த்தார்.

"பிளான்ல பின்வாசல் இருக்கு, வீட்டுல காணோம். முன்வாசலை மறிச்சு வண்டிக்குச் சார்ஜ் போடறீங்க. ஜன்னல் பூரா கம்பி. உள்ள இருக்கறவங்க எப்படிம்மா வெளிய வருவாங்க?"

"குடியிருக்கறவங்கதான் சார் பாத்ரூம் வேணும்னு கேட்டாங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தவள் மேல் பழியைத் தூக்கிப் போட்டேன் பாருங்கள், அதற்கு என்ன பேர் வைப்பது?

அது போதாதென்று, எங்கள் நகர் நலச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வீட்டு ஓனர் அக்கா தன் கையாலேயே சுவரை இடித்து ரெண்டு உயிரைக் காப்பாற்றினார் என்று தலைவர் புகழ்ந்தார். எல்லோரும் கட்டுப் போட்டிருந்த என் விரல்களைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "எல்லாம் கடவுள் செயல்" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். சால்வையோடு நான் நிற்கிற போட்டோ வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது.

மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கணவர் எழுந்து, "வாங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மகள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அம்மா கையைக் காட்டி அருகில் கூப்பிட்டாள். குரலே வெளியே வரவில்லை, காற்றாக வந்தது.

"குரூப்ல போட்டோ பாத்தேங்க்கா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சின்னக் கதவு ஒண்ணு நான் கேட்டேன்ல?"

பையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர்கள் பம்மலுக்கே போய்விட்டார்கள். பெண் விட்ட பரீட்சையைத் துணைத் தேர்வில் எழுதினாள். அம்மாவால் இன்னமும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேச முடிவதில்லை, ட்யூஷனை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். நான் இடித்த இடத்திலேயே கதவு வைத்தேன். ஜன்னல் கிரில்லில் திறக்கிற கதவு வைத்தேன். புதிதாக வாங்கிய வண்டிக்கு இப்போது திறந்த வெளியில்தான் சார்ஜ் போடுகிறேன். புதிதாகக் குடிவந்தவர்கள், "எவ்ளோ யோசிச்சுக் கட்டியிருக்கீங்கக்கா" என்று பாராட்டுகிறார்கள். அதையும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன்.

அன்றைக்கு மைக்கில் சொல்ல வேண்டியதை இன்றைக்கு இங்கே எழுதுகிறேன், அதுவும் பெயர் போடாமல். சுவரை இடிக்க வந்த தைரியம், தெருவில் நின்று உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.