முழங்கால் ஆழம்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பிறவிக் குணம். கடலாடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் கிணற்று நீர் இறங்கிவிட்டால், அய்யாவோடு நானும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்குவேன். வெட்டினால் தண்ணீர் வரும். வராவிட்டால் இன்னும் வெட்ட வேண்டும். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் நடுவில் மழை இல்லாமல் மிளகாய்க் கொல்லை கருகிப்போக, வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாள வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாம்பனுக்குக் கிழக்கே, கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் முப்பது வீடு இருந்த ஒரு தெருவில் எங்களுக்கு ஓலைவீடு கிடைத்தது. வரும்போது அய்யாவின் மண்வெட்டியை ஞாபகமாக எடுத்து வந்தேன். மணலில் இதை வைத்துக்கொண்டு என்ன பண்ணப்போகிறாய் என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். அப்போதே அதைப் பிடுங்கி ஒளித்து வைத்திருந்தால் தெருவுக்குப் புண்ணியமாகப் போயிருக்கும்.

குடிதண்ணீர் ஊற்றில்தான். மணல்மேட்டுக்குப் பின்னால், பனைகளுக்கு நடுவே, முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். கடலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, ஆனால் தண்ணீர் இளநீர்போல இருக்கும். பெண்கள் காலையிலேயே குடங்களை மணலில் வரிசையாக வைத்துவிடுவார்கள். குடம் நிற்கிற வரிசைதான் முறை. முறை வந்தவள் சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தை நிரப்புவாள். பிறகு ஊறுகிறவரை அடுத்தவள் உட்கார்ந்திருக்க வேண்டும். பங்குனி வெயிலில் ஒரு குடத்துக்கு அரைமணி நேரம் ஆனது. அவர்கள் வலையையும் கருவாட்டையும் பேசிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கை துறுதுறுக்கும். இவ்வளவு பேர் இருக்கிறார்கள், ஒருத்திக்குக்கூடவா இதை ஆழப்படுத்தத் தோன்றவில்லை என்று மனசுக்குள் ஏளனம் வேறு.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. தெருவே ஒருசந்தி இருந்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், மதியத்தில் கோயிலுக்குப் போய்விட்டது. தெருவில் நானும் கோழிகளும்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனேன்.

இடுப்பளவு வெட்டினேன். பிறகு மார்பளவு. சரிகிற மணலுக்குப் பனைமட்டைகளை முட்டுக்கொடுத்தேன். அடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. இத்தனை நாள் இவர்களைக் காக்க வைத்த தண்ணீர் இங்கேதான் கிடந்ததா என்று தனியாக நின்று சிரித்தேன். கலங்கல் தெளியட்டும் என்று ஒரு வாய்கூடக் குடித்துப் பார்க்கவில்லை. கோயிலிலிருந்து திரும்புகிறவர்கள் வாயைப் பிளக்கப்போவதைப் பார்க்க, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு பனையடியில் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு அக்கா. கருவாடு காயப்போடுகிறவர், வாய்க்காரி, வந்த நாளிலிருந்து எனக்கு மீன் அரியக் கற்றுக்கொடுத்தவர். நாக்கு வறண்டு வந்தவர் பள்ளத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். பிறகு சிரட்டையில் மொண்டு வாயில் ஊற்றி, அப்படியே துப்பினார்.

"மாதாவே! ஏ புள்ள, கடல வெட்டி உள்ள விட்டுட்டியே!"

எனக்குப் புரியவில்லை. நானும் மொண்டு குடித்தேன். உப்பு. கரிப்பு தொண்டைவரை இறங்கியது. மணலுக்கடியில் நல்ல தண்ணீர் மேலாக ஒரு ஆடைபோலத்தான் கிடக்கிறது, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கடல் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆடையை நான் கிழித்துவிட்டேன். பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். யாரும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்றுதான் இருந்தது.

மறுநாள் முதல் தெரு முழுக்க ஸ்டேஷன் பக்கத்துக் கிணற்றுக்கு ஒரு மைல் நடந்தது. உயிர்த்த ஞாயிற்றுப் பண்டிகைக்கும் அந்தத் தண்ணீரில்தான் சமைத்தார்கள். நான் ஒரு குடம் கொண்டுவந்து அக்கா வாசலில் வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. மாலைவரை அது வெயிலில் கிடந்தது.

"கொஞ்ச நாளு ஊருக்குப் போயிட்டு வா. ஆறட்டும்," என்றார் வீட்டுக்காரர்.

"போறேன். தண்ணிய வரவச்சுட்டுப் போறேன்," என்றேன். வீம்புதான். எப்படி வரவைப்பது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

முதலில் வெட்டியதைத் தூர்த்தேன். மணல்மேட்டிலிருந்து கூடை கூடையாக வெள்ளை மணல் சுமந்து, பழைய முழங்கால் ஆழம் வருகிறவரை கொட்டினேன். மூன்று நாள் ஆனது. கிணற்றைத் தோண்டிய கை, ஊற்றைத் தூர்க்கிறதே என்று அழுகை வந்தது. தூர்த்துவிட்டால் நல்ல தண்ணீர் வந்துவிடும் என்று நினைத்தேன். அதுவும் தப்பு. நாலாம் நாளும் உப்புதான்.

அப்புறம் வேறு இடம் தேடினேன். மண்வெட்டியைத் தொடவில்லை, சிரட்டையால் மட்டும் ஒரு முழம் பறித்து, ஊறுகிறவரை உட்கார்ந்து, நாக்கில் வைத்துப் பார்ப்பேன். முதல் குழி கரித்தது. இரண்டாவதில் தண்ணீரே இல்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ நன்றாக இருக்க, ஆசைப்பட்டு இன்னும் ஒரு சாண் பறித்தேன். மறுநாள் அதுவும் கரித்தது. புத்தி வரவில்லையே என்று என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான், ஊறிய தண்ணீரைக் கண்டதும் கையை எடுக்கப் பழகினேன். எனக்கு அது வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தக் குழிகளில் ஒரு செம்புக்கு மேல் நல்ல தண்ணீர் ஊறவில்லை.

தினமும் பழைய ஊற்றையும் ருசி பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரே உப்பாகத் தெரிந்தது. ஆனியில் ஒரு காலை மட்டும், துப்பாமல் விழுங்க முடிந்தது. என் நாக்குக்குப் பழகிவிட்டதோ என்று சந்தேகம். ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன். மூன்று மாதத்தில் அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அது.

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்கக்கா. ஒரே ஒரு வாய்."

கருவாட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி வந்தார். குடித்தார். வாயில் வைத்து வெகுநேரம் யோசித்தார்.

"உப்பாத்தேன் இருக்கு," என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "ஆனா அன்னைக்கு மாதிரி இல்ல. மழ விழுகட்டும்."

சோறு வடிக்கவும் துணி அலசவும் அது போதும் என்று அன்றைக்கே ஒரு குடம் எடுத்துப்போனார். எனக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. பனையடியில் தண்ணீர் தேங்கி, மணல் குடித்து, மறுபடி தேங்கியது. மழை வெறித்த முதல் காலை, பெண்கள் ஊற்றுக்கு ஓடுவது கேட்டது. எனக்குப் போகத் தைரியம் வரவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே காதை அங்கன வைத்திருந்தேன். யாரோ கத்தினார்கள். சந்தோஷமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத கத்தல்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வாசலில் வந்து நின்றார். முந்தானை நனைந்து, முகவாயில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அடுப்படிக்குள் நுழைந்து, பங்குனியிலிருந்து ஸ்டேஷன் கிணற்றுக்கு மட்டுமே போய்வந்த என் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டார்.

"என்னத்த ஊதிக்கிட்டுக் கெடக்க? எனக்கு அடுத்தாப்புல ஒன் கொடம். இங்கன ஒக்காந்திருந்தா முற போயிரும், வா."

போனேன். எனக்கு முன்னால் ஏழு குடம் இருந்தது. என் முறை வருகிறவரை மணலில் உட்கார்ந்திருந்தேன்.