குழாய்க்குள் வளர்ந்த துரு

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். நாமக்கல் பக்கத்தில் இருந்த எங்கள் கோழிப்பண்ணையில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நூலாக மெலிந்துவிட்டது. கணவர் லாரியோடு வடக்கே போயிருந்தார். பண்ணையில் நானும் மாமனாரும்தான். வெயில் ஏற ஏறக் கோழிகள் அலகைத் திறந்துகொண்டு மூச்சிரைத்தன.

"போர் வத்திப்போச்சு அம்மிணி. புதுசா தோண்ட ரிக்கு வண்டிக்குச் சொல்லிடறேன்" என்றார் மாமனார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. சில மாதங்களாகவே தொட்டிச் சுவரில் செம்பழுப்பாக ஏதோ வழுவழுவென்று படிந்துகொண்டிருந்தது. தேய்த்துக் கழுவினாலும் மறுபடி வந்துவிடும்.

"பைப்பைத் தூக்கி, அடைப்பு இருக்குதான்னு பாத்துப்போட்டு முடிவு பண்ணலாமுங்க மாமா."

"அதுக்குள்ள கோழியெல்லாம் செத்துப்போயிருமே?"

"புது போர் போடற வரைக்கும் மட்டும் அதுக தாங்குமுங்களா?"

அவர் வண்டியில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். நான் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினேன்.

பாதிக் குழாய் மேலே வந்திருந்தபோது, பிடித்திருந்த கிளாம்பு வழுக்கியது. அடியில் தொங்கிய மோட்டாரோடு மொத்தமும் சரசரவென்று உள்ளே இறங்கியது. விழுந்து சிக்கிக்கொண்டால் அந்தப் போர் அதோடு முடிந்தது.

"கயித்தப் புடிங்க!" என்று மெக்கானிக் அலறினார்.

அவருடைய ஆட்களோடு நானும் ஓடிப்போய், மோட்டாரில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மெக்கானிக் இரண்டாவது கிளாம்பை முடுக்கும்வரை யாரும் கயிற்றை விடவில்லை.

வெளியே வந்த குழாய்க்குள் பார்த்தேன். சுற்றிலும் துரு கல்லாக இறுகி, நடுவில் சுண்டுவிரல் நுழையும் சந்துதான் இருந்தது. அதன் மேலும் அந்தச் செம்பழுப்புச் சளி. கம்பி விட்டு இடித்துச் சுத்தம் செய்து மீண்டும் இறக்கினார்கள். சாயங்காலம் தண்ணீர் செக்கச்செவேலென்று கொட்டி, பிறகு தெளிந்தது. அதற்குள், பீப்பாய்த் தண்ணீர் போதாமல், ஒரு கொட்டகையில் பாதிக் கோழிகள் செத்திருந்தன. மாமனார் அவற்றைக் குழியில் போட்டு மூடினார். என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் அந்தச் சளியைப் பாட்டிலில் அடைத்து, நான் படித்த சேலத்துக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். நுண்ணோக்கியில் மெல்லிய குழல்கள் பின்னிக் கிடந்தன. தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கிப் பிழைக்கும் பாக்டீரியாவின் உறைகள் அவை என்றார் பேராசிரியை. அந்தத் துருதான் படிந்து படிந்து கல்லாகிறதாம்.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னேன்.

"உசுரா அது? அப்ப இன்னும் உள்ளாற இருக்குமே?"

"இருக்குமுங்க மாமா. வருசாவருசம் பைப்பைத் தூக்கோணும், பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்தோணும்."

"சரி, தூக்குவோம்" என்றவர், "கை ஆறிருச்சா சாமி?" என்று கேட்டார்.