மாப்பிள்ளை காரும் அமீர் ஹம்சாவும்

காரைக்குடியில் பழைய கார்களுக்கு வைத்தியர் மெக்கானிக் அமீர் ஹம்சாதான். கல்யாணசுந்தரி ஆச்சி வீட்டு அறுபது வயதுக் கார், மாப்பிள்ளை ஊர்வலத்தில் மேளத்தின் பின்னே ஊர்ந்தாலே சூடேறி, பெட்ரோல் ஆவியாகி நின்றுவிடும்.

"பெட்ரோலுக்கு எலெக்ட்ரிக் பம்ப் மாட்டியும் நின்னுச்சே! என் மக கல்யாணத்துலயும் சம்பந்தியை வண்டி தள்ள விட்ருவீகளா?"

"இஞ்சின் பக்கத்துல மாட்டுனா பம்பும் சேர்ந்து வேகும் ஆச்சி. பின்னாடி டேங்குக்கிட்ட மாட்டுறேன், அங்குட்டிருந்து பெட்ரோலை முன்னால தள்ளும். நின்னா வண்டியை நான் ஒத்தையில தள்ளுறேன்."

கல்யாணத்தன்று அடித்த வைகாசி வெயிலில் காக்கைகளே குடை கேட்டன. ஒன்றரை மணி நேரம் ஊர்ந்த ஊர்வலம் திடீரென்று நின்றது. ஆச்சி ஹம்சாவை முறைத்தார்.

"இஞ்சின் ஓடுது, கேளுங்க ஆச்சி. நாகஸ்வரக்காரருக்குத்தான் மூச்சு வாங்குது!"