சும்மா கூட வந்த பிளகின்கள்

கொடகவெல பஜாரில் எங்கள் கல்யாண வீடியோ கடைக்குப் பின்னால் இருந்த ஓர் அறையை நான் ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுவர் முழுக்க முட்டை அட்டை. ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், பாட்டுப் பதியும்போது நிறுத்தியே ஆகவேண்டிய ஒரு ஃபேன். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வாக்கில் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கோயில் பாட்டுப் பதிந்துகொடுக்க வேறு ஆள் கிடையாது. அதனால் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

பாட்டுப் பதிகிற மென்பொருளோடு கூடவே சில பிளகின்கள் வரும். குரலின் அடித்தொனியைக் குறைக்க ஒன்று, ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய ஒன்று, எதிரொலி சேர்க்க ஒன்று. திரையில் சாம்பல் நிறத்தில் நாலு திருகு, பார்த்தாலே அரசாங்கக் கச்சேரியில் ஃபைல் பார்க்கும் கிளார்க் ஞாபகம் வரும். அவற்றை நான் தொட்டதே இல்லை. கொழும்பு நடைபாதையில் வாங்கிய திருட்டு சிடியில் இருநூறு பிளகின் இருந்தன, ஒவ்வொன்றும் விளக்கும் முள்ளுமாக மின்னியது. மென்பொருளே திருட்டுத்தான். ஆனாலும் அதோடு வந்ததை மட்டும் ஓசிச் சாமான் என்று இளக்காரமாகப் பார்த்தேன்.

பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முதல் பாட்டை வருடாவருடம் ஒரே பெண்தான் பாடுவார். ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிற வேலை அவருக்கு. அந்த வருடம் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் வீட்டு வேலைக்காகக் குவைத் போகிறார், இரண்டு வருட ஒப்பந்தம். அவர் குரலை சிடியில் போட்டுக்கொள்ளலாம் என்று கோயில் தலைவர் சொல்லிவிட்டார். என்னிடம் பாடி முடித்துவிட்டு அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஸ்பீக்கர்ல போட்டா எங்க வீடு இருக்கிற கீழ் லயம் வரைக்கும் போகும்ண்ணே. எம் பொண்ணுக்கு நான் பாடுறது கேக்கணும்."

மகளுக்கு நாலு வயது.

அவர் விமானம் ஏறிய பிறகு நான் வேலையில் இறங்கினேன். பதினொரு திருட்டுப் பிளகின்களை வரிசையாக அடுக்கினேன். தேயிலைத் தூசியில் வேலை செய்த தொண்டை, இரண்டாவது அடி முடிந்ததும் ஒரு செருமலும் சின்ன இருமலும் வந்திருந்தது. அதைத் தடமில்லாமல் துடைத்தேன். 'பெரிய மாதாகோயில்' என்று பெயர் போட்ட எதிரொலிக்குள் மாரியம்மனைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். ஹெட்போனில் கேட்டபோது எனக்கே புல்லரித்தது.

திருவிழாவுக்கு முதல் நாள் காலையில், அரச மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம். ஸ்பீக்கர்காரர் சிங்களவர். "வச்சன தேரென்னே நே, மல்லி" என்றார். ஒரு சொல்லும் புரியவில்லை தம்பி என்கிறார். தலைவர் இன்னும் ஒரு படி மேலே போய், கிணற்றுக்குள் விழுந்தவள் பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார். எதிர்மலை பாட்டுக்கு எதிரொலி கொடுத்துக்கொண்டிருக்க, நான் அதன் தலையில் மாதாகோயிலையும் கட்டியிருந்தேன். பழியை ஸ்பீக்கர் மேல் போட்டு வாதாடிக்கொண்டிருந்தபோது தலைவரின் போன் அடித்தது.

அந்தப் பெண்ணின் புருஷன். பிள்ளைக்கு அம்மை போட்டிருந்ததால் அந்த வீட்டார் கோயில் பக்கம் வரக் கூடாது. தலைவர் போனை என்னிடம் நீட்டினார்.

"பாப்பா கேட்டுச்சுங்க," என்றார் அவர். "யாருப்பா பாடுறாங்கன்னு கேக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

பஸ் பிடித்து பஜாருக்கு ஓடினேன். அப்போதும் புத்தி வரவில்லை, சரிசெய்கிறேன் என்று பன்னிரண்டாவது திருட்டுப் பிளகினை ஏற்றினேன். கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. திரும்பப் போட்டால் இருநூறில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மிஞ்சியது அவர் பாடிய வெறும் குரலும் அந்தச் சாம்பல் நிற கிளார்க்குகளும்தான். வேறு வழியில்லாமல் அவர்கள் காலில் விழுந்தேன். குழாய் ஸ்பீக்கருக்கு ஆகாத அடித்தொனியை ஒன்று வெட்டியது. அடங்கிப்போன சொற்களை இன்னொன்று தூக்கிவிட்டது. எதிரொலியைத் தொடவில்லை, அதற்குத்தான் மலை இருக்கிறதே. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. இருமலைத் துடைக்க மட்டும் வழியில்லை, வெட்டினால் அடுத்த சொல்லின் தலையும் சேர்ந்து போகும். அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் பாட்டு ஒவ்வொரு சொல்லாகப் பள்ளத்தில் இறங்கியது. இரண்டாவது அடி முடிந்ததும் இருமலும் எதிர்மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பாட்டு முடிவதற்குள் பிள்ளையின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. இருமல் கேட்டதும் பிள்ளை பாயிலிருந்து எழுந்து, அம்மா வந்துருச்சு என்று வாசலுக்கு ஓடியிருக்கிறாள்.

ஒரு வாரம் கழித்துக் குவைத்திலிருந்து அந்தப் பெண் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். இருமலோடு போட்டு ஊரையே சிரிக்க வைத்துவிட்டேனாம், இதுதான் உங்கள் ஸ்டுடியோ லட்சணமா என்று கேட்டார். பிள்ளை அந்த இருமலை வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடித்தாள் என்றேன். வாசலுக்கு ஓடியதைச் சொல்லவில்லை.



"அப்ப அடுத்த வருசமும் அதையே போடுங்கண்ணே," என்றார். "இருமல வெட்டிறாதீங்க."