அண்ணன் வலித்த துடுப்பு

மணக்குடிக் காயலில் மத்தியான வெயில். தனியாக வந்திருக்கிறேன், காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. வலையெடுக்கப் புறப்பட்ட ஆன்றணி என்னையும் படகில் ஏற்றிக்கொள்கிறார். அவர் ஒரே ஆள், பின்னால் உட்கார்ந்து வலிக்கிறார். வலப்பக்கம் கொஞ்சம் துடுப்பு வலித்தால் படகு இடப்பக்கம் திரும்புகிறது. உடனே துடுப்பைத் தூக்கி மறுபக்கம் போடுகிறார்.

முன்னால் சும்மா கிடக்கும் இன்னொரு துடுப்பை எடுக்கிறேன்.

"நானும் வலிக்கட்டுமா?"

"வலியுங்க சார். அது எனக்க அண்ணன் வலிச்ச துடுப்பு."

"அவர் எங்கே?"

தாடையால் காட்டுகிறார். எதிரே ஒரு படகு வருகிறது. அதிலும் ஒரே ஆள்தான், பக்கம் மாற்றி மாற்றி வலிக்கிறார்.

"அம்மை செத்த பொறவு வீட்டுப் பாகத்துல சண்டை. பேச்சு கெடையாது."

படகுகள் நெருங்குகின்றன. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. என் துடுப்பு ஆழத்தில் இறங்கி மாட்டிக்கொள்ள, படகு ஒருபக்கமாகச் சுழல்கிறது.

அண்ணன் என்னைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்: "சார், இவ்வளவு ஆழமா இறக்காதீங்க! பாரம் எல்லாம் பொறத்த இருக்கவனுக்கு வரும். அவனுக்குத் தோளு நோவு உண்டு."

நிற்காமல் கடந்து போய்விடுகிறார். ஆன்றணியின் துடுப்பு அசையவில்லை. படகு தானாக மிதக்கிறது.

"அண்ணன் சொன்னது கேட்டுதா சார்?"

"கேட்டுது."

"எனக்கும் கேட்டுது" என்கிறார், தண்ணீரைப் பார்த்தபடி.