தண்ணீருக்கு வயதுதான் தெரியும்

முட்டையைக் காதருகே வைத்து இரண்டு குலுக்கல். உள்ளே எதுவும் அசையவில்லை. வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு தடவல். அப்புறம்தான் கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீர். முட்டை அடியில் போய்ப் பக்கவாட்டில் படுக்கிறது. அக்கா குனிந்து, பாத்திரத்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், முழுசாகப் படுத்திருக்கிறதா, லேசாகத் தலையைத் தூக்குகிறதா என்று பார்க்கிறார். எடுத்துத் துணியில் ஒற்றிப் பென்சிலால் தேதி போடுகிறார். பிறகு அதே முட்டையை மறுபடியும் தண்ணீரில் விடுகிறார்.

"இப்பத்தானேக்கா பார்த்தீங்க?"

"பார்த்தேன். இன்னொரு வாட்டி பார்த்தா உனக்கு என்ன, கையா வலிக்குது?"

எங்கள் தெருவுக்கே இவர் முட்டையக்கா. காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. பதினொரு மணிக்கு வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைக்குப் போய்விடுவார். துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே பத்தடி இடம், அதில் பதினோரு கோழிகள். பழைய மர அலமாரி ஒன்றைப் படுக்கப் போட்டுக் கம்பி வலை அடித்ததுதான் கூண்டு. ஓட்டைப் பார்த்தே எந்தக் கோழியின் முட்டை என்று சொல்லிவிடுவார். முனை கூர்ந்து நீளமாக இருந்தால் கறுப்பி. மணல் ஒட்டியதுபோல் சொரசொரத்தால் நொண்டி. வெளிறி உருண்டையாக இருந்தால் மொட்டைக்கழுத்தி.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆறு வருடமாக இவரிடம் முட்டை வாங்குகிறேன், இன்றுவரை ஒரு கூமுட்டை கண்டதில்லை. இதை வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

அக்காவின் சட்டம் மூன்றே வரி. "படுத்துச்சுன்னா இன்னிக்கோ நேத்தோ இட்டது. எந்திரிச்சு நின்னுச்சுன்னா வாரம் தாண்டியாச்சு. மிதந்துச்சா, பேச்சே வேணாம், குழிதான்." ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியே போகப் போக உள்ளே காற்று சேரும், அதுதான் மிதக்க வைக்கிறது என்று எனக்கு விளக்கியவரும் இவர்தான். பொழுது போகாதவர்கள் கடையில் வாங்கிய முட்டையை எடுத்துவந்து நீட்டுவார்கள். அது நட்டுக்குத்தாக நிற்கும். "இது உன்னைவிட மூத்தது. கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ" என்று திருப்பிக் கொடுப்பார். அவித்தால் ஓடு உரிய மாட்டேன் என்கிறது என்று யாராவது குறைப்பட்டால் முகமெல்லாம் மலரும். "அப்படித்தான் ஒட்டும். புதுசுன்னா அதான் அடையாளம்."

இதெல்லாம் ஐந்து மாதத்துக்கு முந்தைய அக்கா.

அவர் கணவரின் மூத்த சகோதரி இவர்களோடுதான் இருந்தார். தையல்காரி. தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டாம் என்று இருந்து, தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவருக்கு மார்பில் கட்டி. மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலைமுடி போயிற்று, நாக்கின் ருசி போயிற்று, எந்தச் சாப்பாட்டைக் கண்டாலும் குமட்டல். பாலில் அடித்த பச்சை முட்டை ஒன்றுதான் தொண்டையில் இறங்கியது. சமைக்காத எதையும் கொடுக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் காகிதமே கொடுத்திருந்தார்கள். அக்கா அதைப் படித்தவர்தான். தெருவில் நறுக்கி விற்கிறார்களே, அந்த மாதிரிச் சாமான்களைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். தன் கொல்லையில், தன் கண் முன்னால் விழுந்த முட்டைக்கும் அந்தக் காகிதத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் நான் மதில் சுவருக்கு இந்தப் பக்கம், எங்கள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. "கண்ண மூடிட்டுக் குடிங்க அண்ணி. கோழி இன்னும் எந்திரிக்கக்கூட இல்ல, அடியில கைய விட்டு எடுத்தாந்துட்டேன். தண்ணியில போட்டும் பார்த்தாச்சு. கல்லு மாதிரி படுத்துச்சு."

மூன்றாம் நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். ஒன்பதாம் நாள் அந்த அம்மாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் கேட்டபோது, உதவிக்குப் போயிருந்த நானும் அங்கே நின்றேன். பச்சை முட்டை கொடுத்தீர்களா என்றார். "அன்னன்னிக்கு இட்டது டாக்டர். தண்ணியில போட்டுப் பார்த்துத்தான் குடுத்தேன்" என்றார் அக்கா, பாடம் ஒப்பிக்கிற குழந்தையைப் போல.

"தண்ணிக்கு முட்டையோட வயசுதாம்மா தெரியும். கோழி உடம்புக்குள்ளயே கிருமி இருந்துச்சுன்னா இப்ப இட்ட முட்டையிலயும் இருக்கும்." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் குரலைத் தணித்தார். "முட்டையாலதான்னு நான் சொல்லல. வேற எதுனாலயும் வந்திருக்கலாம். இப்ப யாரும் உறுதியா சொல்ல முடியாது."

உறுதியாகச் சொல்ல முடியாது என்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. குற்றம் என்றால் அழுது தீர்க்கலாம். இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இது இரண்டுக்கும் இடம் தரவில்லை.

இப்போது முட்டை வாங்கப் போனால் வாசலிலேயே விசாரணை. "யாருக்கு? வீட்ல பிள்ளத்தாச்சி இருக்காங்களா? கைக்குழந்தை? மருந்து சாப்பிடறவங்க?" ஆமாம் என்று சொன்னால் முட்டை கிடையாது. இல்லை என்றாலும், பன்னிரண்டு நிமிடம் கொதிக்கவிடுவேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெரு முழுக்கப் பொய் சொல்லப் பழகிவிட்டது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி மாமியாரை அனுப்புகிறாள், அந்த மாமியார் எங்கள் வீட்டில் யாருக்கும் தலைவலிகூட வந்ததில்லை என்று சாதிக்கிறார். நானும் யோக்கியன் இல்லை. இருமலை வாசலுக்கு வெளியிலேயே இருமி முடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

அன்று பாலில் அடித்துக் கொடுத்த முட்டை வெளிறி உருண்டையாக இருந்ததாம். அதாவது மொட்டைக்கழுத்தியுடையது. அந்தக் கோழியை அக்கா அறுக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. "அது என்ன பண்ணும் பாவம், அதுக்குத் தெரியுமா?" என்கிறார். ஆனால் அது இடுகிற முட்டை ஒவ்வொன்றையும் எடுத்து, தண்ணீரில் போட்டுப் பார்த்து, நன்றாகப் படுத்திருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு சுவரோரம் கொண்டுபோய்ப் புதைக்கிறார். சண்டாளக் கோழி, மற்ற கோழிகள் ஓய்ந்திருக்கும் நாளிலும் தவறாமல் இட்டுத் தொலைக்கிறது.

ஊர் வாயை அக்கா பொருட்படுத்தவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஆளின் வார்த்தை. அந்த ஆளோ வாயைத் திறக்காத ஜாதி. அக்காவின் கணவர் ஐந்து மாடி அலுவலகம் ஒன்றில் லிப்ட் இயக்குகிறார். நாள் பூராவும் எந்த மாடி என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்டுப் பழகாத மனிதர். சகோதரி போன பிறகு அவர் மனைவியை ஒரு சொல் குறை சொல்லவில்லை. கத்தவில்லை, முகம் திருப்பவில்லை, சம்பளத்தை எப்போதும்போல் கையில் கொடுக்கிறார். முட்டையை மட்டும் தொடுவதில்லை. அக்கா தினமும் ஒரு முட்டையை அவித்து அவர் தட்டின் ஓரத்தில் வைக்கிறார். அவர் அதைச் சுற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறார். அக்கா தட்டோடு எடுத்துப் போகிறார்.

"ஒரு வார்த்தை, நீதான் கொன்னேன்னு சொல்லிட்டாக்கூடத் தேவலை தம்பி. வாங்கிக்குவேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். பிழை திருத்துகிறவனுக்கு, எழுதாத வரியில் என்ன வேலை?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முட்டை அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. அக்காவின் கணவர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பருகே நின்றார். என்னைப் பார்த்து, இரு என்று கையால் சைகை காட்டினார்.

அவர் சாப்பிட்டு முடித்தார். எழுந்திருக்கவில்லை. தட்டின் ஓரத்து முட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனை நாளைக்குத்தான் வெச்சுட்டு வெச்சுட்டு எடுத்துட்டுப் போவ?" என்றார். கோபமில்லாத குரல். களைத்த குரல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டி உரிக்கத் தொடங்கினார். ஓடு சில்லுச் சில்லாக வெள்ளையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. பொறுமையாக உரித்தார். இரண்டாகப் பிட்டார். நன்றாக வெந்து, மஞ்சள் மாவு மாவாக உதிர்ந்தது. ஐந்து மாதம் இதற்காகத்தானே இந்த மனுஷி தவம் கிடந்தார். அவர் ஒரு பாதியை வாய்க்குக் கொண்டுபோனார்.

அக்கா இரண்டே எட்டில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பாதியைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். மென்று, விழுங்கி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிடித்த கையை விடவில்லை.